குழாயடியில் அழித்த பொட்டு

விதவைப் பென்ஷன் வாங்குகிறவர்கள், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று வருடாவருடம் வில்லேஜ் ஆபீசில் சான்றிதழ் வாங்க வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவுதான். ஆனால் எங்கள் எஸ்டேட் பெண்கள் ஆபீஸ் வாசல் குழாயடியில் பொட்டை அழித்து, வளையலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவார்கள். இதை முதலில் சொல்லிக்கொடுத்தவர் வாயில் மண்ணைப் போட!

போன வருடம் வரை பூமாரியும் அப்படித்தான் போனாள். மூணாறில் தேயிலைக் கடை ஒன்றில் அவளுக்கு வேலை. அங்கே பொட்டும் பூவுமாக அவள் நிற்பதை எந்தப் புண்ணியவானோ போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பிவிட்டான். பென்ஷன் நின்றுபோயிற்று. நர்சிங் படிக்கும் மகள் சித்ராவின் ஹாஸ்டல் செலவு அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்வலட்சுமியும் புருஷனை இழந்தவள். இந்த வருடச் சான்றிதழுக்கு இருவரும் சேர்ந்துதான் ஆபீசுக்கு வந்தார்கள். குழாயடியில் நெற்றியைக் கழுவிக்கொண்டே கெஞ்சினாள்.

"சொன்னா கேளுடி. இப்ப கழுவிட்டுப் போ. வெளிய வந்து வச்சுக்கலாம்."

"இன்னைக்குக் கழுவுனா அந்தப் போட்டோவுக்குப் பயந்த மாதிரி ஆயிரும்க்கா. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

மல்லிகையைச் சரிசெய்துகொண்டு பூமாரி உள்ளே போனாள். மலையாளி ஆபீசர் போட்டோவை மேசையில் வைத்து, தமிழும் மலையாளமுமாகக் கேட்டார்.

"இது நீங்கதானே? கண்டா கல்யாணம் கழிஞ்ச மாதிரி உண்டல்லோ?"

"நான்தான் சார். இன்னைக்கும் அப்படியேதான் வந்திருக்கேன், நல்லாப் பாருங்க." கோபத்தில் அவள் குரல் உயர்ந்தது. "எம் புருசன் செத்ததுக்குத்தான் சார் இந்தப் பென்ஷன். நானும் செத்துக் காட்டணுமா?"

ஆபீசர் பேனாவை மூடினார். "அக்கம்பக்கத்துல சாட்சி வேணும். யாராவது வருவாங்களா?"

அடுத்த ஆளாக வாசலில் நின்ற செல்வலட்சுமி இதைக் கேட்டாள். பேசினால் தன் பென்ஷனும் போகலாம். ஈர நெற்றியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பைக்குள் கைவிட்டு வளையலை எடுத்து மாட்டினாள். ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நான் சாட்சி சார். பக்கத்து வீடு. இவ வேற கல்யாணம் பண்ணல. நானும் பண்ணல. ரெண்டு பேரும் எப்பவும் பொட்டு வைக்கிறவங்கதான். இங்க வரும்போதுதான் அழிப்போம்."

ஆபீசர் குழாயடியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து பூமாரியின் தாளில் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்தது நீங்கதானே? வாங்க."

"ஒரு நிமிசம் சார்," என்றாள் பூமாரி. அவசரத்தில் செல்வலட்சுமியின் பொட்டு புருவத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு ஒட்டியிருந்தது. பூமாரி அதைப் பிரித்து, நெற்றி நடுவில் வைத்து அழுத்தினாள்.

"இப்பக் கேளுங்க."