வொய்தாஸ் வீட்டுப் பகல் சாப்பாடு

சிகாகோவின் மில்வாக்கி சாலையில், வொய்தாஸ் சாசேஜ் கடையின் பின்னறையில், ஓர் ஈஸ்டர் ஞாயிறு பகல் தொடங்கிய குடும்பச் சாப்பாடு இன்னும் முடியவில்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதற்குள் சாசேஜ் விலை மூன்று முறை ஏறிவிட்டது.

கட்டடத்தை வாங்கிய புது முதலாளிக்கு அதை இடித்துக் கண்ணாடிக் குடியிருப்பு கட்ட ஆசை. வாலிபத்திலிருந்து அங்கே கடை நடத்திய இர்மினாவும் அவள் கணவன் செனோனும் அந்த ஞாயிறு நண்பகலுக்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அது ஈஸ்டர் என்று முதலாளிக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் கிழித்திருப்பான்! ஆனால் சாவி வாங்க வந்த ஏஜெண்ட் லெஷெக்குக்கு நன்றாகத் தெரியும். அவன் எங்கள் போலந்து ஆள், அங்கே தார்னூவில் பிறந்தவன். உள்ளே வந்தவன் மேசையைப் பார்த்து நின்றுவிட்டான். செனோன் புகை போட்ட தொடைக்கறி, வெள்ளை சாசேஜ், வெங்காயம் போட்ட ஹெர்ரிங் மீன், உப்பில் ஊறிய வெள்ளரிக்காய், மூக்கில் சுள்ளென்று ஏறும் காரவேர்த் துவையல். எல்லாம் முந்தின நாள் கூடையில் கொண்டுபோய்ப் பாதிரியார் கையால் மந்திரித்த உணவு. அதில் ஒரு பருக்கையைக்கூட எறியக் கூடாது. எங்கள் ஆட்களில் எவனும் அந்த மேசையிலிருந்து ஒருவரை எழுப்ப மாட்டான். லெஷெக் மந்திரித்த ரொட்டியின் மேல் கை வைத்தான்.

"சாப்பிட்டு முடிங்கம்மா. முடிச்சதும் சாவிய வாங்கிக்கிறேன். இது சத்தியம்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? முடிச்சதும்னு சொல்லிருக்கான்," என்றாள் இர்மினா. சாவியைத் துவையல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாசேஜைக் காகிதம் மாதிரி மெல்லிசாக நறுக்க ஆரம்பித்தாள்.

பொழுது சாய்ந்தபோது தொடைக்கறியில் கடைசித் துண்டுதான் மிச்சம். மகள் கிங்காவுக்கு அழுகை முட்டியது. செனோன் அதை வெட்டி அவள் தட்டில் வைத்தான். கறி முழுசாக இருந்தது. மறுபடி வெட்டினான், மறுபடியும் முழுசாக இருந்தது. ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. அந்த வீட்டில் விருந்தாளி தட்டு காலியாவதை யாரும் பார்த்ததில்லை, மேசைக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். வாசலில் காத்திருந்த லெஷெக் எட்டிப் பார்த்தான்.

"முடிஞ்சுதாம்மா?"

"என்ன தம்பி அவசரம்? இன்னும் இனிப்புக்கே வரலியே."

அன்றிலிருந்து மேசையில் எப்போதும் ஒருவர் இருப்பார். மற்றவர்கள் முறை வைத்துக் கடையைப் பார்ப்பார்கள். கிங்காவின் கல்யாணம் அந்த மேசையில் நடந்தது. அவள் குழந்தைக்கு முதல் பல் சாசேஜ் நுனியைக் கடித்தபோதுதான் வெளியே வந்தது. கறி தொடக் கூடாத தவக்காலம் வந்ததும் ஒரு சிக்கல் எழுந்தது. பாதிரியார் தாடியைத் தடவிக்கொண்டு, இந்த அறைக்குள் இன்னும் ஈஸ்டர் ஞாயிறுதான், கறி தின்னலாம் என்று தீர்ப்பளித்தார். அடுத்த பெரிய வெள்ளியன்று கடை வாசலில் தெருவே வரிசை கட்டியது. அவரே வந்து துரத்த வேண்டியதாயிற்று. முதலாளி வழக்குப் போட்டான். நீதிபதி, "சாப்பாடு முடிந்ததா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் வழக்கைத் தள்ளி வைத்தார். இரண்டு பக்கமும் கட்டடங்கள் விழுந்து கண்ணாடி எழுந்தது. நடுவில் வொய்தாஸ் கடை புகைக் கூண்டோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிரும்.

கடைசியில் முதலாளி லெஷெக்கைப் பிடித்துக்கொண்டான். நீ கொடுத்த வாக்குதானே, நீயே போய்த் தின்று முடி, இல்லையென்றால் வேலை இல்லை என்றான். லெஷெக் பெல்டைத் தளர்த்திக்கொண்டு உள்ளே வந்தான். வழிப்போக்கனுக்கென்று ஒரு தட்டு அதிகம் வைப்பது கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு வழக்கம். இர்மினா எல்லாப் பண்டிகைக்கும் வைப்பாள். அந்தத் தட்டின் முன் உட்கார்ந்தான்.

"தின்னு தம்பி. முடிச்சுக் காட்டு பாக்கலாம்," என்று தட்டை நிரப்பினாள்.

அவன் கோபத்தோடு தின்றான். அவள் நிரப்பினாள். பிறகு கோபம் போய்ப் பசி வந்தது. இத்தனை வருஷம் அந்த வாசலில் நின்று மோப்பம் மட்டும் பிடித்தவன், பாவம். கண்ணில் தண்ணீர் வழிந்தது. காரவேர் என்று சொல்லிக்கொண்டான். இருட்டியபோது அவனுடைய போன் அடித்தது. முடிந்ததா என்று முதலாளி கேட்டான். சாவி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. மேசையில் இருந்தவர்கள் கத்தியும் முள்கரண்டியுமாக அவனையே பார்த்தார்கள். லெஷெக் வாயில் இருந்ததை மெதுவாக மென்று விழுங்கினான்.

"இல்ல சார். இன்னும் இனிப்புக்கே வரல," என்று சொல்லிவிட்டு போனை வைத்தான்.

வெள்ளரிக்காயை இந்தப் பக்கம் தள்ளும்படி கிங்காவிடம் கேட்டான். வேலை போய்விட்டது. இப்போது செவ்வாய், வியாழன் மேசையில் உட்காருவது அவன் முறை.