போலீஸுக்குச் சொல்ல பதின்மூன்று வாக்கியங்கள்

எங்கள் எரித்திரிய ஆட்கள் குடியிருக்கும் வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவைப் பாருங்கள். மாதா படம் ஒன்று ஒட்டியிருக்கும், அதற்குக் கீழே என் தாள் இருக்கும். போலீஸ் நிறுத்தினால் எபிரேய மொழியில் சொல்ல வேண்டிய பதின்மூன்று வாக்கியங்கள். ‘என்னிடம் விசா இருக்கிறது’, ‘தாளை எடுக்கப் பைக்குள் கை விடப் போகிறேன்’, ‘எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’, இந்த மாதிரி. எபிரேயத்தை எங்கள் திக்ரிஞா எழுத்தில் எழுதிப் பொருளும் போட்டிருப்பேன். டெல் அவிவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு முடிவெட்டும் கடையின் உள்ளறையில், சனிக்கிழமைதோறும் வகுப்பு. பதினோரு வருடம் இந்த ஊர்க் கிழவிகளைக் குளிப்பாட்டி நான் கற்ற மொழி அது. கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது.

முதல் வாக்கியம் ‘அனி ஓமேத்’. நான் நின்றுகொண்டிருக்கிறேன், ஓடவில்லை என்று போலீஸுக்குச் சொல்வது. அதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் எரித்திரியாவில் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வருகிறவர்கள் தெருவின் இரண்டு முனையிலும் வண்டியை நிறுத்தி அடைப்பார்கள். பார்த்தவர் யாராவது ‘கிஃபா!’, அதாவது ஆள் பிடிக்கிறார்கள், என்று கத்துவார். கத்துவது பெரிய உபகாரம். காதில் விழுந்தவன் சட்டைப் பையில் விடுப்புச் சீட்டு இருந்தாலும் ஓடுவான். சீட்டுப் பலிக்காமல் போனதை எத்தனையோ முறை பார்த்தவன் அவன். அந்த ஓட்டத்தையும் மூட்டை கட்டி இங்கே கொண்டுவந்துவிட்டோம்.

ஒக்பாய் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர். அவர் வகுப்பில் இருந்தால் தெருவில் போகிறவனுக்கும் பாடம் கேட்கும்.

“ஏன் டீச்சரம்மா, நிக்கிறவன் எதுக்கு ‘நான் நிக்கிறேன்’னு சொல்லணும்? போலீஸ்காரனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?”

“உங்க வாய் பேசிக்கிட்டு இருக்கிற வரைக்குமாவது உங்க கால் சும்மா இருக்கும்ல? அதுக்குத்தான்” என்பேன். சிரிப்பார்.

அவர் மனைவி மிஹ்ரெத் வகுப்பைப் போனில் பதிவு செய்து கொடுப்பாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டே பஸ்ஸில் வேலைக்குப் போவார். பதிவில் என் குரல் ஒரு வாக்கியம் சொல்லும். கொஞ்சம் இடைவெளி. அதில் ஒக்பாயின் குரல் மற்ற எல்லோரையும் அமுக்கிக்கொண்டு திருப்பிச் சொல்லும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வெங்காயம் வாங்கிக்கொண்டு நடந்து வந்தேன். பத்தடி முன்னால் ஒக்பாய் போய்க்கொண்டிருந்தார். தெருவின் அந்த முனையில் ஒரு போலீஸ் வண்டி வந்து நின்றது. திரும்பினால் இந்த முனையிலும் ஒன்று. சீருடைக்காரர்கள் இறங்கினார்கள். பதின்மூன்று வாக்கியமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் என் வாயில் வந்தது ஒரே ஒரு சொல்தான்.

“கிஃபா!”

ஒக்பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடினார். பெரிய சாலையில் பஸ் வந்துகொண்டிருந்தது.

போலீஸ் அன்று வந்தது மின்சார சைக்கிள்களில் எண் பலகை இருக்கிறதா என்று பார்க்க. ஒக்பாயிடம் சைக்கிளே கிடையாது. சட்டைப் பையில் விசா இருந்தது, அதற்கு இன்னும் இரண்டு மாதம் தவணையும் இருந்தது. இளம் போலீஸ்காரன் ஒருவன் சாலையில் மண்டியிட்டு அவர் தலையைத் தாங்கிக்கொண்டு, “ஏன் ஓடினாரு? நாங்க யாரும் கூப்பிடவே இல்லையே, ஏன் ஓடினாரு?” என்று அழாத குறையாகக் கேட்டுக்கொண்டே இருந்தான். அதற்குள் உயிர் போய்விட்டிருந்தது. பதில் எனக்குத் தெரியும், அதைச் சொல்ல எபிரேயமும் தெரியும். வெங்காயப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகும் ஒக்பாய் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். நான் வாக்கியம் சொல்லி இடைவெளி விட்டால், மற்றவர்கள் வாய் திறக்கும் முன்பே அவர் குரல் கேட்டது. கேலிக் குரல் இல்லை, கவனமாகப் படிக்கிற குரல். இடைவெளியே விடாமல் வேகமாக நடத்திப் பார்த்தேன். மாணவர்கள் திணறினார்கள். வீட்டில் தனியாக ஏதாவது முணுமுணுத்தாலும் அதையும் திருப்பிச் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கமாக இருந்தது.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த சனிக்கிழமை மிஹ்ரெத் வகுப்புக்கு வந்தாள். கறுப்பு உடையோடு அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அக்கா, எனக்கு ஒரு வாக்கியம் எழுதிக் குடு. உன் தாள்ல இல்லாதது.”

“சொல்லு.”

“‘அன்னைக்கு ஒரு பொம்பளை கத்துனா. உங்க சட்டைக் கேமராவுல அது இருக்கும். எனக்கு அதைக் கேக்கணும்.’ திங்கக்கிழமை ஸ்டேஷனுக்குப் போறேன்.”

“கேட்டு என்னடி பண்ணப் போற?”

“அந்தத் தெருப் பழக்கடைக்காரர் சொல்றாரு, பொம்பளைக் குரலாம், நம்ம பாஷையாம். குரலைக் கேட்டா யாருன்னு எனக்குத் தெரிஞ்சிரும். அவகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும்.”

பேனாவைத் திறந்தேன். என் பதின்மூன்று வாக்கியத்துக்கு மேல் அவளுக்கு எபிரேயம் தெரியாது. ‘என் கணவரின் செருப்பைத் திருப்பித் தாருங்கள்’ என்று எழுதிக் கொடுத்தாலும் அதையே மனப்பாடம் செய்து போலீஸிடம் ஒப்பிப்பாள். அவர்களும் செருப்பைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கதை அதோடு முடிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ‘என் கணவரின்’ வரைக்கும் எழுதியும் விட்டேன்.

“நீ சொல்லு, நான் திருப்பிச் சொல்றேன்” என்றாள்.

வாயைத் திறந்தேன். ஒக்பாய் காத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் பொய் வாக்கியத்தைச் சொன்னால் அதையும் கவனமாகத் திருப்பிச் சொல்வார். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

தாளைக் கிழித்தேன். “நீ ஸ்டேஷனுக்குப் போக வேணாம், மிஹ்ரெத். இங்கேயே கேட்டுக்க” என்றேன். அன்று கத்திய அதே குரலில் கத்தினேன்.

“கிஃபா!”

நாற்காலிகள் சரிந்தன. ஒன்பது பேர் ஒரே சமயத்தில் கதவில் மோதினார்கள். வெளியே முடி வெட்டிக்கொண்டிருந்தவன் கழுத்துத் துணியோடு தெருவில் ஓடினான். மிஹ்ரெத்தும் பாதி எழுந்துவிட்டாள். மேசையைப் பிடித்துக்கொண்டு தன்னை நிறுத்திக்கொண்டாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரும் இப்படித்தான் ஓடினாரா?”

“ஆமா.”

“உன் குரல்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?”

அவள் கேட்க நினைத்த கேள்வி அதுதான்.

“தெரியாம இருக்குமா?” என்றேன்.

ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, யார் முகத்தையும் யாரும் பார்க்காமல், நாற்காலிகளை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். மிஹ்ரெத் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை, திட்டியிருக்கலாம். போனை எடுத்துப் பதிவைத் தொடங்கி மேசைமேல் என் முன்னால் வைத்தாள்.

“முதல் வாக்கியத்துலேருந்து சொல்லு” என்றாள்.

“அனி ஓமேத்” என்றேன். இடைவெளி விட்டேன்.

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.