பூசாத ஊடு

நாமகிரிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் 'பூசாத ஊடு' என்றுதான் கை காட்டுவார்கள். அப்பா செந்தமிழன் கட்டடக் கலைஞர். செங்கல்லைச் செங்கல்லாகவே விட்டு, காற்று நுழைய இடைவெளி வைத்து அவர் சுவர் எழுப்பும் முறையை இன்று கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறார்கள். தனக்கென்று அவர் கட்டிக்கொண்டது இந்த ஒரு வீட்டைத்தான். எங்கள் ஊரிலோ, பூசாத சுவர் என்றால் கையில் இருந்தது பாதியிலேயே தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

தை மாதம் அப்பா தவறிப்போனார். கொஞ்ச நாளில், வீட்டைப் பார்க்க வடக்கேயிருந்து மாணவர்கள் வருவதாகத் தகவல் வந்தது. அம்மா அதைத் தன் அண்ணன் தங்கசாமி மாமாவிடம் சொல்லிவைத்தாள். வினை அங்கேதான் பிடித்தது.

நானும் அம்மாவும் வங்கி வேலையாகச் சேலம் போய்விட்டுத் திரும்பினால், வாசலில் மணல் குவியல். சாரத்தின் மேல் கொத்தனார்கள். முன்சுவரில் பாதி, சாம்பல் நிறத்தில் ஈரமாக மின்னியது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி மலர்ந்த முகத்தோடு நின்றார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

வேலையை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். மாமாவுக்கு என் கோபம் புரியவே இல்லை. இவ்வளவு பெரிய மனுசன் சொந்த வீட்டைக்கூட முடிக்கவில்லையே என்று வெளியூர்ப் பிள்ளைகள் பேசிவிடக் கூடாதாம். மாப்பிள்ளை விட்டுப்போன குறையைத் தான் தீர்த்துவைக்கிறாராம். இந்த மனுசனை என்ன செய்வது! அவர்கள் பார்க்க வருவதே அந்தச் செங்கல்லைத்தான் என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

சிமெண்ட் இறுகிவிட்டால் செங்கல்லோடு சேர்ந்துதான் பெயர்ந்து வரும். அவசர அவசரமாகக் கைபேசியை எடுத்து, அப்பா கட்டிய பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மண்டபம் என்று காட்டினேன். ஒன்றிலும் பூச்சு இல்லை. மாமா கலவைச் சட்டிக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இது முடிச்ச ஊடா, அம்மிணி?"

"ஆமாங்க மாமா."

அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் கண்ணு, இத்தன வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே? மாப்ள காசுக்கு முடியாம கெடக்கறாருன்னு நான் வருத்தப்படாத நாளில்ல."

அம்மா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கே தெரியாதுங்கண்ணா. என்னிக்காச்சும் பூசிருவாருன்னுதான் நானும் இருந்தேன்."

அப்பா இந்த வீட்டில் எவ்வளவு தனியாக இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மாமா எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரச் சிமெண்டை வெறுங்கையால் வழிக்க ஆரம்பித்தாள்.