வீடு மாறி வந்தவள்

அந்த நாவல் கைக்கு வந்தபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது. கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கும் வேலை. வட்டச் சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இதுவா, முன்னாடி போட்டதா, எது தெளிவா இருக்கு?" என்று நாளைக்கு நூறு தடவையாவது கேட்பாள். தெருவில் எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்காரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "சரியான பவர்ல ஆள் அமையலை" என்று சிரித்து வாயை அடைத்துவிடுவாள். வீட்டில் அவளும் அம்மாவும்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த தம்பி, மனைவி மக்களோடு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தான்.

நூலகத்தில் மாதம் ஒருமுறை வாசகர் கூட்டம் நடக்கும். அந்த மாதம் நூலகர் எடுத்திருந்தது, போர் முடிந்த பிறகான இரண்டு வருடங்களைப் பற்றிய ஒரு நாவல். நானூறு பக்கத்துக்கு மேல். "இந்தத் தடவை நீங்கதான் முதல்ல பேசணும். தட்டிக் கழிக்கக் கூடாது" என்று அவள் கையில் திணித்துவிட்டார். போர் முடிந்தபோது அவளுக்கு மூன்று வயது. எதுவும் நினைவில்லை. ஏதோ பாடப்புத்தகம் படிப்பதுபோலத்தான் தொடங்கினாள்.

பதினொன்றாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டாள். அகதி முகாமிலிருந்து ஒருத்தி, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று நாள் நடந்து தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். கொடியில் வேறு யாருடைய துணிகளோ காய்கின்றன. கதவைத் தட்டுகிறாள். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "நீங்க வீடு மாறி வந்துட்டீங்க" என்கிறது. அவ்வளவுதான். உள்ளே இருந்தவளுக்கு அந்தக் கதாசிரியர் மூன்று வரிக்கு மேல் கொடுக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அன்று மதியமே, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், கூட்டத்தில் பேச வேண்டியதை எழுதத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை அம்மாவிடம் பேசிப் பார்த்தாள். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. "பொண்ணு கண்ணாடிக் கடையில, அம்மாவுக்குக் கண்ணு தெரியலைன்னா ஊரே சிரிக்கும்" என்று மகள் எத்தனையோ முறை சொல்லியும் அறுவைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சமையலறை மேசையில் தடவித் தடவிப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மகள் கதையைச் சொல்லி, பிறகு எழுதி வைத்ததைப் படித்தாள். வாசலில் நின்றவளைப் பற்றி ஒரு பக்கம். உள்ளே இருந்தவளைப் பற்றி ஒரே ஒரு வரி: 'கதவுக்குப் பின்னால் இருந்தது மனுஷியே இல்லை.'

அம்மாவின் கை நின்றது.

"தண்ணி குடுத்தாளா?"

"யாரு?"

"உள்ள இருந்தவ."

"அதெல்லாம் இல்லம்மா. கதவையே திறக்கலை."

"கதவைத் திறக்கலை, சரி. ஜன்னல் வழியா தண்ணி குடுத்தா. அதை விட்டுட்டாரு கதை எழுதின ஆளு."

"நீ எங்கம்மா இந்தப் புத்தகத்தைப் படிச்ச?"

அம்மா பட்டாணிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "நான்தான்டி குடுத்தேன்."

அதன் பிறகு அவள் சொன்னதெல்லாம் தலையைக் குனிந்தபடி, மேசையைப் பார்த்துச் சொன்னது. அவர்களுடைய சொந்த வீடு குண்டு விழுந்து தரைமட்டமாகியிருந்தது. ஒரு கூடாரத்தில் எட்டு மாதம். பிறகு குடியமர்த்தும் அலுவலகம் இந்த வீட்டுச் சாவியைக் கொடுத்தது. உரியவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்றார்கள். வந்த ஐந்தாம் மாதம், அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஒருத்தி சின்னப் பெண்ணோடு வந்து நின்றாள்.

"உன் தம்பி அப்போ வயித்துல. நீ தரையில தூங்கிட்டிருந்த. மறுபடியும் அந்தக் கூடாரமான்னு நெனச்சேன். வாயில தானா வந்துச்சு. வீடு மாறி வந்துட்டீங்கன்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சிரிச்சா. 'பின்கட்டுக் கதவை லேசா தூக்கித் தள்ளினாத்தான் திறக்கும், தூக்கித் தள்ளிப் பாருங்க'ன்னா. நான் தெனமும் அப்படித்தானே திறந்துக்கிட்டிருந்தேன். 'இல்லைங்க, எங்க வீட்டுல அப்படிக் கதவே இல்லை'ன்னேன். அந்தப் பொண்ணு தண்ணி கேட்டுச்சு. குடுத்தேன். போயிட்டாங்க."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"செத்தவர்கிட்ட எதுக்கு? உயிரோட இருந்தப்பவே சொல்லலை."

கண்ணாடிக்காரி எழுந்து போய்த் தன் அறையில் படுத்துக்கொண்டாள். அம்மாவை அடிக்க வேண்டும்போலவும், மடியில் விழுந்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. எழுதிய தாளைக் கிழித்துப் போட்டாள். கூட்டத்துக்குப் போகவில்லை, நூலகரிடம் படித்து முடிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் நகராட்சி ஆவணப் பிரிவுக்குப் போனாள். கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நான்கு முறை அலைந்தாள். அங்கிருந்த எழுத்தர் அவளிடம்தான் ஒரு வருடம் முன்பு கண்ணாடி மாற்றியவர். அந்தப் பழக்கத்தில் கோப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தார். இந்த வீட்டை மீட்டுத் தரச் சொல்லி ஒரு பெண் ஒன்பது மனுக்கள் எழுதியிருந்தாள். ஒன்பதும் ஆதாரம் இல்லை என்று தள்ளுபடி. கடைசி மனு எழுதிப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. அதில் அவளுடைய மகளின் முகவரி இருந்தது.

அந்த மகள் ஒரு தையற்கூடத்தில் வேலை செய்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் அடிக்கும் இடம். கண்ணாடிக்காரியைவிட இரண்டு வயது மூத்தவள். தைத்து முடித்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். "பேசணும்னா பேசுங்க. கை நின்னா மேஸ்திரி கத்துவான். அந்த முனையப் புடிங்க" என்றாள். கண்ணாடிக்காரி ஒரு முனையைப் பிடித்தாள். இருவரும் விரிப்பை இழுத்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடித்தார்கள். நான்காவது விரிப்பில்தான் வீட்டு முகவரியைச் சொல்ல முடிந்தது.

தையல்காரி நின்றாள். "அந்தக் கதையை மறுபடி யாரு கிளப்புனா? எங்கம்மாவுக்குப் புத்தி சரியில்லை. வேற யாரோட வீட்டையோ தன்னோடதுன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. பாவம், அந்த வீட்டுக்காரங்களைத் தொந்தரவு பண்ணியிருப்பாங்க."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"நானே கூட இருந்தேனே. அஞ்சு வயசு எனக்கு. வீடு மாறி வந்துட்டீங்கன்னு உள்ளேயிருந்து அந்தம்மா தன்மையா சொன்னாங்க. தண்ணி கூடக் குடுத்தாங்க. எங்கம்மா திரும்பி நடக்கறப்போ, 'ஆமாண்டி, மாறித்தான் வந்துட்டேன் போல'ன்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இல்லைன்னாங்க. அப்புறம் ஆமான்னாங்க. அந்தத் தெருப் பக்கம் போய் நின்னுட்டு வருவாங்க. கடைசில நான்தான் கையெழுத்துப் போட்டு மனநலக் காப்பகத்துல சேர்த்தேன். மூணு வருஷம் இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்துட்டாங்க."

கண்ணாடிக்காரி விரிப்பின் முனையை விட்டாள். சொல்லாமல் திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அம்மாவும் அன்று கதவுக்குப் பின்னால் உண்மையைச் சொல்லாமல்தான் விட்டாள் என்பது உடனே உறைத்தது. "அக்கா," என்றாள். "உங்கம்மா மாறி வரலை. அது அவங்க வீடுதான். உள்ளே இருந்து பொய் சொன்னது எங்கம்மா."

தையல்காரி விரிப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேஸ்திரி தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கத்தவில்லை.

"அப்போ எங்கம்மா நல்லாத்தான் இருந்தாங்களா?" என்றாள். விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுது முடித்து, "வீடு கீடு எனக்கு வேணாம். நடந்ததை எழுதித் தரச் சொல்லுங்க உங்கம்மாவ. அவங்க கையாலேயே" என்றாள்.

தம்பி கேள்விப்பட்டு வேலைச் சட்டையோடு ஓடி வந்தான். "எழுத்துல குடுத்தா நாளைக்குக் கோர்ட்டுக்குப் போவாங்க. உனக்கென்ன பைத்தியமா அக்கா?"

அந்தச் சொல்லைக் கேட்டு அம்மா நாற்காலியிலிருந்து நிமிர்ந்தாள். "போகட்டும்டா. பேப்பரை எடு" என்றாள். வரி கோணிக் கோணிப் போக, பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள். தேதி போட்டாள், கையெழுத்துப் போட்டாள். ஒரு தவறும் திருத்தாமல் மடித்தாள்.

அடுத்த ஞாயிறு தையல்காரி வந்தாள். உள்ளே வரச் சொன்னதும் தயங்கித்தான் வந்தாள். கூடம், சமையலறை, பின்கட்டு என்று ஒவ்வொன்றாக நடந்து பார்த்தாள். ஏதாவது நினைவுக்கு வரும் என்று நம்பியிருப்பாள் போலிருக்கிறது. "ஒண்ணும் தெரியலை. ஒண்ணுமே தெரியலை" என்று சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அம்மா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "என்னை மன்னிச்சிடும்மா" என்றாள்.

"நீங்க கேக்க வேண்டியவங்க நான் இல்லை. அவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாம அவங்க சார்புல நான் எப்படிச் சொல்ல?" குரலில் கோபம் இல்லை. அதுதான் அம்மாவை உடைத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

கடிதத்தை வாங்கிக்கொண்ட தையல்காரி, வாசலில் செருப்பை மாட்டும்போது கண்ணாடிக்காரியிடம், "காப்பகத்துக்குப் போகணும். தனியா போக முடியும்னு தோணலை. வர்றீங்களா?" என்றாள்.

இரண்டு பேரும் புதன்கிழமை போனார்கள். கடிதத்தை அந்தம்மாவின் கோப்பில் சேர்க்கக் கேட்டதற்கு, மூடிய கோப்பில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது என்று அங்கிருந்தவர் முதலில் மறுத்தார். கண்ணாடிக்காரி விடாமல் பேசி, கோப்பைப் பார்க்கவாவது அனுமதி வாங்கினாள். முதல் தாளில் நோயின் அறிகுறி என்ற இடத்தில் ஒரே வரி: 'பிறருடைய வீட்டைத் தன்னுடையது என்கிறார்.' கீழே, தெருவும் கதவு எண்ணும் பிசகாமல் அந்த முகவரி. அதற்கும் கீழே மகளின் கையெழுத்து.

தையல்காரி அந்தத் தாளின்மேல் குனிந்தாள். தன் கையெழுத்தை விரலால் மூடிக்கொண்டு, மேலே இருந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். அலுவலர் அதைப் பார்த்துவிட்டு, கடிதத்தை வாங்கி, தாளோடு சேர்த்துக் குத்தி வைத்தார்.