சீமோனின் மரண அறிவித்தல்

2024 பெப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் உள்ள ஓர் அலுவலகத்திலிருந்து 412 கைபேசிகளுக்கு ஒரே குறுஞ்செய்தி போனது: 'மரண அறிவித்தல். எமது சங்கச் செயலாளர் திரு. சீமோன் மரியதாஸ் இன்று காலமானார்.'

அந்த நேரத்தில் சீமோன் தன் வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். கைபேசி வீட்டுக்குள் குசினி மேசையில் கிடந்தது.

செய்தியை அனுப்பியவள் ஸ்ரீநிதி. திருநெல்வேலியிலிருந்து படிக்க வந்தவள். றோயின் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. சீமோன் செயலாளராக இருக்கும் தீவுப்பகுதி ஊர்ச் சங்கத்துக்கு அறிவித்தல் அனுப்பும் செயலியை நடத்துவது அந்த நிறுவனத்தின் வேலைகளில் ஒன்று. அவளுடைய வேலை அனுமதி மாதக் கடைசியில் முடிகிறது. அதை நீட்டிக்க றோய் ஒரு கடிதம் தரவேண்டும். வெள்ளிக்கிழமை கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

அவள் செய்தது ஒரு சோதனை. போன வாரம் சங்கக் கூட்டத்தில், சோதனைக்கு யாருடைய பெயரைப் போடலாம் என்று அவள் கேட்டபோது எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். மரண அறிவித்தலுக்கு யார் பெயர் கொடுப்பார்கள்? சீமோன்தான் சிரித்தார்.

"என்ர பேரைப் போடு பிள்ளை. உவங்களைக் கேட்டால் பயத்திலயே செத்துப்போவாங்கள்."

போட்டாள். அது அவளுடைய கைபேசிக்கு மட்டும் வந்திருக்க வேண்டும்.

அலுவலகத்துக்கு வந்த முதல் அழைப்பு சீமோனின் மகள் ஸ்டெபனியிடமிருந்து. விட்பியிலிருந்து புறப்பட்டுவிட்டாள், காரின் இரைச்சல் கேட்டது. "அப்பா போன் எடுக்கிறார் இல்லை. ப்ளீஸ், உண்மையைச் சொல்லுங்கோ."

"இல்ல இல்ல, அது தப்பா போயிருச்சு. அங்கிள் நல்லா இருக்காங்க," என்றாள் ஸ்ரீநிதி. அவர் நன்றாக இருக்கிறாரா என்று அவளுக்கே தெரியாது.

றோய் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். "ஆர் உதை அனுப்பினது?"

"நான்தான் அண்ணா."

"என்ன செய்தனீர்?"

"தெரியல."

திருத்தச் செய்தியை அவரே அனுப்பினார். பிறகு குளிர் கோட்டை எடுத்து மாட்டினார். "நான் சீமோன் அண்ணையைப் பார்த்திட்டு வாறன். அதுக்கிடையில கண்டுபிடிச்சு வையும்."

கண்டுபிடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கடவுச்சொல், யாருக்கு அனுப்புவது போன்ற விவரங்களை நிரலுக்குள் எழுதுவதில்லை. ஒவ்வொரு கணினியிலும் தனியாக ஓர் அமைப்புக் கோப்பில் வைப்பார்கள். அன்று காலை அந்தக் கோப்பை அவள் ஒழுங்கு செய்திருந்தாள். ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு வரிகளில் ஒன்றைப் பழையது என்று எடுத்துவிட்டாள். எடுத்தது, சோதனை எண்ணுக்கு மட்டும் அனுப்பச் சொல்லும் வரி.

ஆனால் ஒரு வரி இல்லாமல் போனால் செயலி நின்றிருக்க வேண்டும். ஏன் 412 பேருக்குப் போனது? ஜாவாஸ்கிரிப்ட் நிரலைத் திறந்து பார்த்தாள். அந்த வரி கிடைக்காவிட்டால் எல்லோருக்கும் அனுப்பு என்று அதில் இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இனி இப்பிடி நடக்கக் கூடாது.' எழுதியவர் றோய்.

தான் எடுத்த வரியைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். அவர் திட்டுவார், வெள்ளிக்கிழமைக்குள் தணிந்துவிடுவார். அவருடைய வரியையும் காட்டினால்? கடிதத்தின் நகல் அவளுடைய மேசை இழுப்பறையில் கையெழுத்து இல்லாமல் இருந்தது. ஆனால் றோயின் வரியை அப்படியே விட்டால், இன்னொரு நாள் இன்னொருவர் பெயர் போகும். அவள் இரண்டையும் திரையில் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்தாள்.

நாலு மணிக்கு றோய் திரும்பினார். பின்னால் சீமோன், கையில் ஒரு பெட்டி.

"அங்கிள், மன்னிச்சிருங்க," என்று ஸ்ரீநிதி எழுந்தாள்.

"இரும் பிள்ளை. நாளைக்குத்தான் கோயில்ல நெத்தியில சாம்பல் பூசுற விபூதிப் புதன், நீர் ஒரு நாள் முந்தி என்னைச் சாம்பலாக்கிப் போட்டீர்." பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தார், உள்ளே முட்டையும் இறைச்சியும் வைத்துப் பொரித்த சுருள்கள். "மிதிவெடி ரோல்ஸ். செத்த வீட்டுக்கெண்டு சனம் கொண்டுவந்தது. ஸ்டெபனி என்னோட கதைக்கிறாள் இல்லை. அழுது முடிச்சிட்டு, போனை வெளியில கொண்டுபோகேல்லை எண்டு ஏச்சு."

றோய் திரையைப் பார்த்தார். "என்ன நடந்தது?"

"இந்த வரிய நான் எடுத்தேன். என் தப்பு." பிறகு மற்ற வரியைச் சுட்டினாள். "ஆனா வரி இல்லன்னா எல்லாருக்கும் அனுப்புன்னு கோட்ல இருக்கு. அது நீங்க எழுதினது அண்ணா."

றோய் குனிந்து வாசித்தார். நிமிரவில்லை.

"என்ன திகதி?" என்று சீமோன் கேட்டார்.

"2022 டிசம்பர் 20," என்றாள்.

"அருள்நாயகியைப் பார்வைக்கு வைச்சதுக்கு அடுத்த நாள்."

அருள்நாயகி சீமோனின் மனைவி, அந்த டிசம்பரில் காலமானவர். றோய் மெல்லச் சொன்னார்: அந்த வாரம் செயலியை வேறு சேர்வருக்கு மாற்றினார்கள். யாருக்கு அனுப்புவது என்ற வரியைப் புது இடத்தில் எழுத அவர் மறந்துவிட்டார். அருள்நாயகியின் மரண அறிவித்தல் ஒருவருக்கும் போகவில்லை. "பதினொரு பேர்தான் வந்தவை."

"பன்னிரண்டு. கடைசியா நீர் வந்தனீர்."

சீமோன் ஒரு ரோலை எடுத்து ஸ்ரீநிதியிடம் நீட்டினார்.

"இண்டைக்கு வாசல்ல முப்பது சோடி சப்பாத்து கிடந்தது. உயிரோட எண்ணிப் பார்த்தன்." பிறகு றோயைப் பார்த்தார். "அந்தப் பிள்ளையை ஏசிப் பேசாதையும்."

"நான் பேசேல்லையே அண்ணை."

"முகம் பேசுது."

றோய் கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "சரி. அந்த வரி இல்லாட்டி என்ன நடக்கவேணும்? ஒருத்தருக்கும் போகாமலும் விடேலாது."

"ஆப் ஸ்டார்ட்டே ஆகக்கூடாது அண்ணா. எந்த வரி காணோம்னு நம்ம ரெண்டு பேர் போனுக்கும் உடனே மெசேஜ் வரணும்."

"எழுதும்."

ஐந்தரைக்கு அந்த மாற்றம் செயலியில் சேர்ந்தது. ஸ்டெபனி கேட்டுக்கொண்டபடி சோதனைப் பெயரும் மாற்றப்பட்டது. இப்போது றோயின் பெயர் பயன்படுகிறது. பெப்ரவரி 16, வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு றோய் ஸ்ரீநிதியின் கடிதத்தில் கையெழுத்திட்டார்.