மாப்பிள்ளைக்குச் சாப்பாடு

இடது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. அவள் கணவரின் தோளைத் தன் மார்போடு சாய்த்துக்கொண்டு சட்டைக்கையை இழுத்துக்கொண்டிருந்தபோது, மகள் போனை நீட்டினாள்.

"ஆய்வுக்கூடத்துல இருந்தும்மா. உன்கிட்டதான் பேசணுமாம்."

"இப்பவா?"

"இப்பவேதானாம்."

அவரை விடாமல் காதை மட்டும் கொடுத்தாள். அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்தான். ஆஸ்பத்திரியின் பின்கட்டில், அவருடைய ஈரல் கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கைத் தட்டில் வைத்து வளர்ப்பவள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா, கூப்பிடக் கூடாத நேரம். காலையில உங்க வீட்டுப் பெரியவர் போன் பண்ணார். எல்லாத்தையும் ஒரு பாட்டில்ல போட்டுத் திருப்பித் தரச் சொல்றார். இன்னிக்கு அதுக்குச் சாப்பாடு மாத்துற நாள். வீட்டுல வேணாம்னு சொன்ன பிறகு நாங்க வைக்க முடியாது. வைக்கலைன்னா தங்காது. மனைவி நீங்க நேர்ல வந்து என்ன சொல்றீங்களோ, அதுதான் முடிவு."

"வர்றேன்" என்றாள். சட்டையின் கை சட்டென்று ஏறிக்கொண்டது.

அந்தக் கட்டிக்கு அவர் வைத்திருந்த பெயர் மாப்பிள்ளை. "கேக்காம வந்து உக்காந்துட்டான். வீட்டுல நல்லது எதுவா இருந்தாலும் முதல்ல அவனுக்குத்தான். நான் இளைக்கிறேன், அவன் பெருக்குறான். வேற என்னன்னு கூப்பிடுறது?" என்பார். மகளைக் கட்டியவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். "மாமா, நான் இங்கதான் இருக்கேன்." "உன்னைச் சொல்லலப்பா. நீ சாப்பிட்டா கிளம்பிடுறியே."

அவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டிலிருந்து கழற்றிய கெட்ட பாகத்தை ஒருநாளும் குப்பையில் போட்டதில்லை. வீட்டுக்குக் கொண்டுவருவார். சமையலறை அலமாரியில் உப்புக்கும் சர்க்கரைக்கும் நடுவே கருகிப்போன சுவிட்ச் ஒன்று உட்கார்ந்திருக்கும். "நல்லதை மாட்டியாச்சே, இது எதுக்கு?" என்று அவள் கத்தினால், "மறுபடி கரண்ட் குடுத்துப் பாக்கணும். எங்க சுடுதுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த லிஃப்ட்ல ஏறுறவன் நிம்மதியா ஏறுவான்" என்பார். கட்டியிலிருந்து கிள்ளிக்கொள்ளலாமா என்று டாக்டர் கேட்டு முடிக்கும் முன்பே தலையாட்டியவர்.

கூடத்தில் சவப்பெட்டியின் பக்கத்தில் கணவரின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவள் நேரே போய் நின்றாள்.

"அத்தான், ஆய்வுக்கூடத்துக்கு நீங்க போன் பண்ணீங்களா?"

"பண்ணினேன். அவன் உசுரு கொஞ்சம் அங்க இருக்கு. பாதியை அங்க விட்டுட்டு மீதியை அனுப்பச் சொல்றியா?"

"அது அவர் உசுரு இல்ல அத்தான். அவர் உசுரை எடுத்தது."

"அவனே சொன்னான் என்கிட்ட. 'அண்ணே, நான் போனாலும் அங்க ஒரு டப்பாவுல உக்காந்திருப்பேன்'னு."

"அவர் உங்ககிட்ட எதை ஒழுங்கா சொல்லியிருக்கார்? ஸ்கூட்டருக்குள்ள எலி குடும்பம் நடத்துதுன்னு சொன்னதை நம்பி ஒரு மாசம் பஸ்ல போனீங்களே."

யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். மூத்தவரின் உதடு நடுங்கியது. அவள் அதைப் பார்த்தாள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

மகள் பின்னாலேயே வந்திருந்தாள்.

"அப்பாவைத் தின்னதுக்குச் சாப்பாடு வேறயா? பட்டினி போட்டுக் கொல்லச் சொல்லும்மா. சாக்கடையில கொட்டட்டும்."

நேற்று வரை அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"வண்டியை எடுப்பா" என்றாள் மருமகனிடம்.

மூத்தவர் எழுந்தே விட்டார். "பொஞ்சாதி நீ இப்ப வாசப்படி தாண்டலாமா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரும் உக்காரட்டும். வந்து கேட்டுக்கிறேன்."

"பெட்டியை மூடாம வச்சிருப்பேன். வெறுங்கையோட வராதே."

ஆய்வுக்கூடத்தில் செருப்பைக் கழற்றி, தலைக்கு ஒரு காகிதத் தொப்பி மாட்டிவிட்டார்கள். அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் தட்டை எடுத்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். அவளுடைய கல்யாணச் சேலையைவிட அந்தப் பெண்ணுக்கு வயது குறைவாகத்தான் இருக்கும்; கண்ணுக்குக் கீழே தூக்கம் இல்லாத கறுப்பு.

மூடியில் பேனாவால் 'மாப்பிள்ளை' என்று எழுதியிருந்தது.

"அவர்தான் எழுதச் சொன்னார். நம்பர் போட்டா அவனுக்குக் கோவம் வரும்னார்."

அவள் குனிந்து பார்த்தாள். மழை பெய்து ஓய்ந்த ஜன்னல் கண்ணாடியில் நிற்கிற துளிகளைப் போல, உருண்டை உருண்டையாக, சுத்தமாக. ஏதோ கறுப்பாய், கோரமாய் இருக்கும் என்று வந்தவளுக்கு அது அழகாக இருந்ததுதான் பொறுக்கவில்லை.

"இவன்தானா?"

"இவன்தாம்மா. தட்டுல பாருங்க, குழி குழியா இருக்கில்ல? ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மருந்து ஊத்தியிருக்கோம். முன்னெல்லாம் ஒருத்தரோட கட்டியை இப்படி வெளிய வளர்த்து மருந்து அடிச்சுப் பாக்க முடியாது. இப்ப முடியுது." தட்டை நகர்த்தினாள். "இது அவருக்குக் குடுத்த மருந்து. இவனுக்கு ஒண்ணும் ஆகலை. அடுத்ததுலயும் அப்படித்தான்."

கொழுத்த துளிகள். மறுபடி கொழுத்த துளிகள். பிறகு ஒரு குழியில் ரப்பர் அழித்த தூளைப் போலச் சில துணுக்குகள் மட்டும்.

"இதுல என்ன?"

"இதுல செத்துட்டான்."

குளிர்சாதனப் பெட்டி உறுமி நின்றது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"இதை அவருக்குக் குடுத்திருந்தா?"

"தெரியலம்மா." அந்தப் பெண் வேறு பக்கம் பார்க்கவில்லை. "போன வாரம்தான் இதைப் பாத்தோம். இந்த மருந்தை இன்னும் எந்த மனுஷருக்கும் குடுத்ததில்ல. தட்டுல கேக்குறது உடம்புலயும் கேக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. பொய் சொல்ல எனக்கு வாய் வரலை."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். போன வாரம் அவர் வாய்க்குத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொண்டிருந்தாள். "முதல் குழியை மறுபடி காட்டு" என்றாள். பெண் காட்டினாள்.

"இவனுக்குப் பயம் தெரியுமா?"

"இல்லம்மா. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"பரவால்ல. அடி வாங்குறான்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்." நிமிர்ந்தாள். "சாப்பாடு வை. வயிறு முட்ட வை. அவரோட சேந்து போயிட்டா இவனுக்கு வசதி. வந்த வேலை முடிஞ்சுதுன்னு போயிடுவான். விடக்கூடாது. உங்ககிட்ட என்னென்ன மருந்து இருக்கோ எல்லாத்தையும் இவன் தலையில ஊத்து. எது எதுல துடிக்கிறான்னு பாரு."

"நிச்சயமா வேற யாருக்காவது உதவும்மா."

"உதவினா உதவட்டும். அதுக்காக வரல. நான் அவ்வளவு நல்லவ இல்ல."

பெண் கையுறையை மாட்டினாள். பழைய நீரை உறிஞ்சி எடுத்தாள். இளஞ்சிவப்பாக ஒரு நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற நிதானம். அவள் கடைசிச் சொட்டு வரை நின்று பார்த்தாள்.

"அடுத்து எப்ப அடிப்பீங்க?"

"நாளன்னிக்கு."

"வருவேன்."

திரும்பும் வழியில் வண்டி சிக்னலில் நின்றபோது மருமகன் தொண்டையைச் செருமினான்.

"அத்தை, அந்தப் பேரை மட்டும் மாத்தச் சொல்லலாமா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து அவன் பயந்துபோனான். அழுகையா சிரிப்பா என்று கேட்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள்.

"கொட்டிட்டாங்களா?"

"இல்ல. இப்பதான் சாப்பிட்டான்."

மகளின் முகம் இறுகியது.

"நாளன்னிக்கு மறுபடி அடிக்கிறாங்களாம். நான் போறேன். நீயும் வர்றியா?"

மகள் விலகி வழியை விட்டாள்.

கூடத்தில் பெட்டி திறந்தே இருந்தது. மூத்தவர் தம்பியின் தலையைச் சற்று ஒருபக்கம் ஒதுக்கி, தோளுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பாட்டில் அளவுக்கு இடம் விட்டு, கீழே ஒரு துண்டை நாலாய் மடித்து வைத்திருந்தார். அவள் கைகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

அவள் குனிந்து கணவரின் தலையை இரண்டு கையாலும் பிடித்து நடுவுக்கு நகர்த்தினாள். துண்டை எடுத்து உதறி மூத்தவரிடம் நீட்டினாள்.

"முகத்தைத் துடைச்சுக்கோங்க அத்தான்" என்றாள்.