முந்திக்கொண்ட சுவீகாரம்

மூன்று வருடம் அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒருவழியாக வரேனா சாதித்துவிட்டாள். அவள் புருஷன் தெர்துல்லஸை இன்று சக்கரவர்த்தி தன் மகனாகச் சுவீகாரம் எடுக்கிறார். ரோமாபுரியின் அடுத்த சக்கரவர்த்தி அவன், பட்டத்தரசி இவள். வேறென்ன வேண்டும் ஒருத்திக்கு?

ஒரே ஒரு சிக்கல். சுவீகாரம் வந்தவனும் ரோமாபுரியில் பெற்ற பிள்ளையேதான். புருஷன் கூடப்பிறந்தவன் ஆகிவிடுவான், கல்யாணம் செல்லாது. அதனால் மகளை முதலில் வேறு வீட்டுக்குத் தத்துக் கொடுத்துவிட வேண்டும். அவளை மகளாக ஏற்கத் தாய்மாமன் ஹிஸ்தர் சம்மதித்திருந்தார். காலையில் அந்தச் சடங்கு, பிறகு இது என்று ஏற்பாடு.

மாமாவைத்தான் காணோம். நீதிபதி வந்தாயிற்று, சாட்சிகள் வந்தாயிற்று, பிள்ளையை விற்று வாங்குவதுபோல் நடக்கும் சடங்குக்கு வெண்கலத் தராசு பிடிப்பவன்கூட வந்து கால்மாற்றி நின்றுகொண்டிருந்தான்.

"உன் மாமனுக்குக் கால்ல வாதமாம். மெதுவா வர்றானாம்," என்றார் சக்கரவர்த்தி. "நாளைக்கு வச்சுக்கலாமா?"

போன வருடம் வரேனாவின் அத்தை மகனைச் சுவீகாரம் எடுக்க இருந்தபோதும் இதே 'நாளைக்கு'தான் சொன்னார். மறுநாள் அவனை ஒரு மொட்டைத் தீவுக்குக் கப்பலேற்றினார்.

"வேணாம்ப்பா. முதல்ல இவருக்கு முடிச்சிருங்க. மாமா வந்ததும் எனக்குப் பண்ணிக்கலாம்."

"முறை மாறுதேம்மா."

"அரை நாள்ல என்ன ஆயிரப் போகுது? சட்டமே நீங்கதானே!"

கிழவர் சிரித்தார். "கேட்டுக்கிட்டீங்களாய்யா? அவளே சொல்றா. எல்லாரும் சாட்சி."

அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? மகராசி புருஷனுடைய அங்கியின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

தராசைத் தட்டினார்கள். பெற்ற தகப்பன் மகனை விட்டுக் கொடுத்தான். இவன் சக்கரவர்த்தியின் மகன் என்று நீதிபதி சொன்னதும் முதலில் கைதட்டியவள் வரேனாதான். வாசலில் பல்லக்கு வந்து நின்றது.

"மாமா வந்தாச்சு!" என்று ஓடினாள்.

"அவனைத் திரும்பிப் போகச் சொல்லுங்க," என்றார் சக்கரவர்த்தி காவலர்களிடம். "இருக்கறது ஒத்தைப் பொண்ணு. நான் யாருக்கும் தத்துக் குடுக்கறதா இல்ல."

"விளையாடாதீங்கப்பா. அப்போ நாங்க?"

"கூடப்பிறந்தவங்க. உன்னைவிட ஒரு வயசு சின்னவன், ஆக தம்பி. வடக்கு எல்லைப் படை மொத்தத்தையும் கையில வச்சிருக்கானே நேரியஸ், அவன் மகளை இவனுக்குப் பேசி முடிச்சாச்சு. உன்னைத் தள்ளி வச்சா ஊர் என்னைக் காறித் துப்பும். இப்ப யாரு தள்ளி வச்சா? நீயா கேட்டு வாங்குன."

"என் வயித்துல இவர் பிள்ளை இருக்குப்பா!"

"இருக்கட்டுமே, என் பேரன். பெத்துக் குடு. நேரியஸ் மகள் வளர்ப்பா."

அடப்பாவி மனுஷா! அவள் தெர்துல்லஸைப் பார்த்தாள். அவன் முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை. இவனுக்கு முன்பே தெரியும் என்று புரிந்தது. புரிந்தும் ஆசை விடவில்லை பாருங்கள், அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எந்தத் தீவுக்கு விரட்டினாலும் நானும் கூட வர்றேன்."

அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் விலக்கினான். நேற்றுவரை மாமா என்று கூப்பிட்ட சக்கரவர்த்தியின் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான். "அழாதக்கா."